ஆண்டியப்பன் கொடுத்த முகம்

ஆண்டியப்பன் அண்ணையைப் பற்றி எங்கள் சந்தியில் இரண்டு கதை உலவியது. பெற்ற மகளோடு பேசாத கல்நெஞ்சன் என்பது ஒன்று. ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிற விசரன் என்பது மற்றது. இந்த இரண்டையும் சொல்லித் திரிந்தவர்கள்தான் அடுத்த நாள் அவருடைய கதிரையில் சாய்ந்து, கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொண்டார்கள். எனக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஒருவனிடம் கழுத்தைக் கொடுக்கிற அளவுக்கு நம்பிக்கை இருந்தால், அவனைப் பற்றிக் கதைக்கிற வாயையும் கொஞ்சம் அடக்கலாம்தானே.

கிளிநொச்சியிலிருந்து வட்டக்கச்சிக்குப் போகிற ரோட்டில் அவருடைய சலூனும் என்னுடைய தேத்தண்ணிக் கடையும் ஒட்டியபடி இருந்தன. நடுவில் ஒரு பலகைச் சுவர். நான் வடமராட்சியிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவன். அவர் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில், மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிய எரிய ஓடி வந்தவர். மனைவி அதற்கு முன்பே செத்துப்போனாள். ஒரு கையில் மகள் சிவலட்சுமியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் இரண்டு சவரக் கத்தியையும் தீட்டுக்கல்லையும் சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தாராம். மற்றச் சனம் பானையும் பாயும் தூக்கி வந்த இடத்தில் இந்த மனிசன் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்று அகதி முகாமில் சிரித்தார்களாம். அந்தக் கல்தான் பிறகு இரண்டு உயிருக்குச் சோறு போட்டது.

கடை ஓய்ந்த நேரங்களில் அவர் செய்கிற வேலை விசித்திரமாக இருக்கும். சீமெந்துத் தரையில் ஈரமணலைப் பரப்பி, தீட்டுக்கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பார்.

"என்ன அண்ணை, நல்ல கல்லைத் தேச்சு அழிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"குழி விழுந்த கல்லுல கத்தி எப்படிங்க நேரா படுக்கும்?" என்றார். வயதில் சின்னவனான எனக்கும் 'ங்க' போடுவார். இத்தனை வருசம் இங்கே இருந்தும் மலைநாட்டுப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. வாடிக்கைக்காரருக்கு மட்டும் மரியாதைக்கு எங்கள் ஊர் 'ஓம்' ஒன்று வரும்.

அவர் கத்தி தீட்டுவதை நான் கண்ணால் பார்த்ததைவிடப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து காதால் கேட்டதுதான் கூட. கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படுகிறபோது மெல்லிய ஒரு ஓசை வரும். வாய் முன்னே போகத் தள்ளுவார். கல்லின் கடைசியில் கத்தியை முதுகின் மேல் புரட்டி, மற்றப் பக்கத்தை இழுத்துக்கொண்டு வருவார். போக ஒன்று, வர ஒன்று. கை பாரம் கொடுக்காது. அதற்குப் பிறகு தோல்வாரில் முதுகு முன்னே போக நாலு இழுவை. அவ்வளவுதான். ஓசை மாறாமல் வருவதைக் கேட்டுக்கொண்டே நான் பால் காய்ச்சுவேன்.

மகள் விசயத்துக்கு வருவோம். எண்பத்துநாலில், வட்டக்கச்சியில் வயல் செய்கிற சிற்றம்பலம் என்ற பொடியனோடு சிவலட்சுமி போய்விட்டாள். அவன் வீட்டார் அவனைத் தள்ளிவைத்தார்கள். போகட்டும், அவள் நல்லாயிருந்தால் சரி என்றுதான் ஆண்டியப்பன் அண்ணை முதலில் இருந்தார். ஆனால், சலூன் என்பதை மறைத்து, 'மனிசியின்ர ஆக்கள் கிளிநொச்சியில வியாபாரம்' என்று சிற்றம்பலம் சொல்லித் திரிகிற கதை அவர் காதுக்கு எட்டியது. தலைமயிர் வெட்டக்கூட அவன் எங்கள் சந்தியைத் தாண்டி டவுனுக்குப் போனான். அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தியவர்தான். மகள் என்னிடம் உளுந்தும் பயறும் கொடுத்தனுப்பினால், "நீங்களே வச்சுக்கங்க" என்று திருப்பித் தருவார். ஒருநாள் மட்டும் வாய் விட்டார்.

"நான் புடிச்ச கழுத்துல எத்தன பெரிய மனுசன் கழுத்து இருக்குங்க. இவன் கழுத்துக்கு மட்டும் என் கத்தி கேவலமாப் போச்சு."

எண்பத்தாறாம் ஆண்டு. காலை வியாபாரம் முடிகிற நேரம். இரண்டு பக்கத்தாலும் ஆமி வந்து சந்தியை மறித்தது. ஓடுவதற்கு இடமிருக்கவில்லை. ஆம்பிளைகள் எல்லோரையும் ரோட்டில் வரிசையாக நிற்கவைத்து அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பார்த்துப் பார்த்து வயது போனவர்களை விட்டார்கள். மூன்று பேரைப் பிரித்து லொறிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருத்தினார்கள்.

முதலாவது ஆள் நான். அட்டையில் வடமராட்சி விலாசம், அதுதான் குற்றம். இரண்டாவது, எனக்குப் பால் கொண்டு வருகிற வீரகத்தி. மீசை அரும்பிக்கொண்டிருந்த இளந்தாரி. அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான். மூன்றாவது ஆள் சிற்றம்பலம். கலப்பைக்கு ஆணி வாங்க சைக்கிளில் வந்தவனை இறக்கிச் சட்டையைக் கழற்றினார்கள். வலது தோளில் கறுத்துக் காய்ச்சுப்போன தழும்பு.

"துவக்குத் தழும்பு, சுட்டுப் பழகின தோள்" என்றான் தமிழ் தெரிந்த ஒரு சிப்பாய்.

"நெல்லு மூட்டை சுமந்தது ஐயா. வயலில கேட்டுப் பாருங்கோ..." அவன் முடிக்க முன்னம் முதுகில் ஒரு அடி விழுந்தது.

லொறியில் ஏறினவர்கள் எங்கே போனார்கள் என்று அந்தக் காலத்தில் ஒருவருக்கும் சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்தின மாதம் பக்கத்து ஊரில் ஏற்றினவர்களின் தாய்மார் அப்போதும் முகாம் வாசலில்தான் இருந்தார்கள்.

ஆண்டியப்பன் அண்ணையை விட்டுவிட்டார்கள். அவர் சலூன் வாசலில் நின்றார். போய் உள்ளே இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அவர் இறங்கி நேரே அதிகாரியிடம் வந்தார். மாத்தளையில் பழகிய சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லொறிக்காரரிடம் பழகிய அரைகுறைச் சிங்களம் எனக்கும் விளங்கும்.

"மாத்தையா, இவன் என்னுடைய சலூன் வேலையாள். அறுவடைக்கு மட்டும் மூட்டை சுமக்கப் போவான். மற்ற நாளில் என்னோடுதான்."

அதிகாரி இளம் ஆள். சிற்றம்பலத்தைப் பார்த்தான். தமிழ் தெரிந்த சிப்பாயைக் கேட்கச் சொன்னான்.

"நீ என்ன வேலை?"

சந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுடைய ஊரார் நாலைந்து பேரும் அதற்குள் நின்றார்கள். சிற்றம்பலம் மாமனாரை நிமிர்ந்து பார்த்தான். அவர் சொன்ன சிங்களத்தில் 'சலூன்' என்ற ஒரு சொல் அவனுக்கும் பிடிபட்டிருக்கவேண்டும். பிறகு எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னான்.

"சலூனில வேலை. முகம் வழிக்கிறனான்."

அதிகாரி சிரித்தான். வேலையாள் என்றால் வேலை செய்து காட்டட்டும் என்றான். சலூனிலிருந்து அந்த ஒற்றைக் கதிரையும் கல்லும் ரோட்டுக்கு வந்தன. அன்றைக்குத் தீட்டுவதற்கென்று தட்டில் ஒதுக்கி வைத்திருந்த மழுங்கல் கத்தியைத்தான் சிப்பாய் தூக்கி வந்தான். சிற்றம்பலம் அதைத் தீட்டவேண்டும். தீட்டின கத்தியால் முதலாளிக்கே முகம் வழிக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கக்கூடாது. பொய்யென்று தெரிந்தால் இரண்டு பேருமே லொறியில்.

ஆண்டியப்பன் அண்ணை கதிரையில் போய் இருந்தார். கல் அவருக்குப் பின்பக்கம். பார்க்க முடியாது. கேட்கத்தான் முடியும்.

சிற்றம்பலம் காட்டுக்கத்தியும் கோடாலியும் தீட்டிப் பழகினவன். வன்னியில் வயல் செய்கிறவன் எவனும் அப்படித்தான். கத்தியின் முதுகைத் தூக்கிப் பிடித்து, வாயை மட்டும் கல்லில் கொடுத்து, பாரம் போட்டு ஒரு பக்கத்தைப் பரபரவென்று உரசுவான். சவரக் கத்தியின் முதுகு எதற்காகத் தடிப்பாக இருக்கிறது, படுக்க வைத்தால் சரிவு தானாக வந்துவிடும் என்பதெல்லாம் அவனுக்கு எங்கே தெரியும்? சலூன் வாசலை மிதித்திருந்தால் தெரிந்திருக்கும்.

முதல் உரசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருசமாகக் கேட்ட ஓசை இல்லை அது. கரகரவென்று பல் கூசியது. ஆண்டியப்பன் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. கதிரைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன. கத்தி அழிந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வாய் திறக்க முடியாது.

உரசி முடித்ததும் அதிகாரி கத்தியை வாங்கிப் பெருவிரலால் தடவினான். புருவத்தை உயர்த்தி, நல்ல கூர் என்றான். எனக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் ஆண்டியப்பன் அண்ணை கண்ணை மூடித் திறந்ததைக் கண்டேன். அவர் எனக்கு எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு பக்கமாக உரசினால் வாயில் பிசிர் மடிந்து நிற்கும். விரலுக்கு அது அசல் கூர் மாதிரியே படும். தோலில் போட்டு இரண்டு இழுவை இழுத்ததும் பிசிர் உடையும். உடைந்தால் மயிரை அறுக்காது, சதையைத்தான் பிய்க்கும்.

சவர்க்காரம் குழைத்துப் பூசினான் சிற்றம்பலம். இடது கன்னத்தில் முதல் இழுவை சுத்தமாக வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் கத்தி இடறியது. அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. ஒரு சின்னச் சுளிப்பு, ஒரு 'ஸ்' போதும், அதோடு கதை முடிந்துவிடும்.

அப்போது அந்த மனிசன் செய்ததை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். தலையைப் பின்னுக்குச் சாய்த்தார். வாயைக் கொஞ்சம் திறந்தார். அவருடைய கதிரையில் இருந்து எத்தனையோ பேர் செய்ததை அப்படியே செய்தார். நித்திரை கொண்டார். மெல்லியதாகக் குறட்டையும் விட்டார்.

சிப்பாய்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கத்தி தாடையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. அவர் குறட்டை விட்டார். காதடியில் தோல் கிழிந்தது. அவர் குறட்டை விட்டார். மூடின கண் இரண்டின் ஓரத்திலும் தண்ணீர் முட்டி நின்றது எனக்குத் தெரிந்தது. சிற்றம்பலத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வழிக்கிறவன் அவன், அழுகிறவனும் அவனாகத்தான் இருந்தான். சத்தமில்லாமல்.

நுரை சிவந்து கழுத்தால் வழிந்தபோது அதிகாரி சிரிப்பை நிறுத்தினான்.

"இதென்ன இரத்தம்?"

ஆண்டியப்பன் அண்ணை திடுக்கிட்டு முழித்தார். கன்னத்தைத் தடவினார். கையைப் பார்த்தார். எழும்பிச் சிற்றம்பலத்தின் கன்னத்தில் விட்டார் ஒரு அறை. சந்தி அதிர்ந்தது. கதைக்கக்கூடாது என்ற கட்டளையெல்லாம் காற்றில் போய்விட்டது.

"எத்தன தரம்டா சொல்றது! முதுகைக் கல்லுல படுக்க வை, படுக்க வைன்னு! வாயும் முதுகும் ஒண்ணா படணும்! பாரம் போடாத! முதுகு மேல பொரட்டு! மரமா அறுக்கிற? மனுச முகம்டா இது!"

அது நடிப்பு என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு வருசமாக நெஞ்சில் வைத்திருந்த அறை அது. ஆனால் வேலையாளை அடிக்கிற முதலாளியை எந்த நாட்டு ஆமிக்கும் விளங்கும். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான். "இவனை வேலைக்கு வைத்த உனக்குத்தான் அடிக்கவேண்டும்" என்று சொல்லி, சிற்றம்பலத்தை அந்தப் பக்கம் போகச் சொன்னான்.

போகச் சொன்னான்! அவன் லொறியை விட்டு விலகி நடக்கிறதை முழங்காலில் இருந்தபடி பார்த்தேன். எனக்குள் என்ன நடந்ததென்று தெரியாது. வாய் தானாகத் திறந்தது.

"அண்ணை, நானும் உங்கட கடையிலதானே."

தேத்தண்ணிக் கடைக்காரன் நான். பத்தடி தள்ளி என்னுடைய கேத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறது. ஆண்டியப்பன் அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தின் ஒரு பாதி இரத்தம். மற்றப் பாதியில் தாடி. மருமகன் தப்பிவிட்டான், இனி அவருக்கு என்ன? இல்லையென்று தலையை ஆட்டினால் முடிந்தது.

"ஆமாங்க மாத்தையா. இவனும்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பக் கதிரையில் இருந்தார். மற்றக் கன்னத்தைக் காட்டிச் சாய்ந்தார்.

இந்த முறை கத்தியை அதிகாரியே சலூன் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தான். அது காலையில் அவர் தீட்டி வைத்த கத்தி. என் வேலை அதைக் கூராக்குவதல்ல, கெடுக்காமல் விடுவது. அந்த அறையோடு சேர்த்து அவர் போட்ட சத்தம் என் காதில் நின்றது. முதுகைப் படுக்க வைத்தேன். பாரம் போடவில்லை. வாய் முன்னே போகத் தள்ளினேன், முதுகின் மேல் புரட்டினேன், இழுத்தேன். சுவருக்கு அப்பால் கேட்கிற ஓசை வருகிறதா என்று மட்டும் கேட்டேன். முதலில் வரவில்லை. மணிக்கட்டைத் தளர்த்தினேன். வந்தது.

கன்னத்தில் கத்தியை வைத்தபோது, கைக்குக் கீழே ஒரு மனிசனின் நாடி துடிப்பது தெரிந்தது. அவர் கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் தள்ளித் தோலை இறுக்கித் தந்தார். யாருக்கும் தெரியாமல் தாடையைத் திருப்பித் திருப்பி என் கையைத் தானே நடத்தினார். வழித்தது நானில்லை, அவர்தான். கீறல் இரண்டு விழுந்தது. ஆனால் கன்னம் வெளித்தது. அதிகாரி புறங்கையால் தடவிப் பார்த்து, என்னையும் போகச் சொன்னான்.

கால் தரையில் படாமல் நான் விலகினபோது, பின்னால் மூன்றாவது குரல் கேட்டது.

"ஐயா... நானும்."

வீரகத்தி. முழங்காலில் இருந்தபடி இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தான். அவன் ஆண்டியப்பன் அண்ணையை முன்பு ஒருநாளும் 'ஐயா' என்றதில்லை.

அதிகாரி ஒற்றைக் கதிரையைப் பார்த்தான். சலூனைப் பார்த்தான். "இந்தக் கடைக்கு எத்தனை வேலையாள்?" என்றான். அவன் இப்போது சிரிக்கவில்லை.

"மூணு பேருங்க. இவன்தான் கெட்டிக்காரன். இவன் வழிச்சா எறும்பு ஊருற மாதிரி இருக்கும்" என்றார் ஆண்டியப்பன் அண்ணை. எழும்பவே இல்லை. கதிரையிலேயே இருந்தார்.

அதிகாரி குனிந்து அவருடைய தாடையைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் திருப்பினான். ஒரு பக்கம் பிய்ந்து கிடந்தது. மறுபக்கம் மழுமழுவென்று இருந்தது.

"எதை வழிக்கப் போகிறான்?" என்று கேட்டான்.

உண்மைதான். அந்த முகத்தில் ஒரு மயிர் மிச்சமிருக்கவில்லை. சிற்றம்பலம் கொஞ்சத்தைப் பிய்த்து எடுத்திருந்தான், மிச்சத்தை நான் எடுத்திருந்தேன்.

ஆண்டியப்பன் அண்ணை தோளில் கிடந்த துவாயை உதறிக் கழுத்தில் சுற்றினார். நன்றாக அடர்ந்த தலைமயிர் அவருக்கு. அதைப் பிரித்துவிட்டுத் தலையை அதிகாரிக்கு முன்னால் குனிந்து கொடுத்தார்.

"தலை இருக்கு மாத்தையா. தலையை மழிக்கச் சொல்லுங்க."

அதிகாரி கையைக் காட்டினான். இரண்டு சிப்பாய்கள் வீரகத்தியின் கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள். "ஐயா, சொல்லுங்கோ ஐயா, இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று அவன் கத்தினான். லொறியின் பின்கதவு விழுந்தது. பால் போத்தல்களோடு அவனுடைய சைக்கிள் என் கடைச் சுவரில் சாய்ந்தபடி நின்றது.

லொறி போய், ஜீப் போய், புழுதியும் அடங்கிவிட்டது. சனம் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கியது. ஆண்டியப்பன் அண்ணை மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தாமல் ரோட்டின் நடுவில் அந்தக் கதிரையிலேயே இருந்தார். கழுத்திலிருந்து இரத்தம் துவாயில் சொட்டியது. எனக்குக் கிட்டப் போகத் துணிவு வரவில்லை. சிற்றம்பலம்தான் போய் முழங்காலில் இருந்து அவருடைய கையைப் பிடித்தான். அவன் ஊரார் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

"மாமா. எழும்புங்கோ மாமா. அவங்கள் போயிட்டாங்கள்."

அவர் தலை நிமிரவில்லை.

"தலை இன்னும் முழுசாக் கெடக்குதே தம்பி" என்றார். "அவன் கேக்கலையே."